காலியிடம் வைத்த காதுகுத்து பேனர்

வெள்ளைத் தாளை ஏறக்குறைய வெள்ளைத் தாளாகவே திருப்பிக் கொடுத்து டிசைனர் ஆனவன் இந்தத் தமிழ்நாட்டில் ஒருத்தன்தான் இருக்கிறான். காரைக்குடியில் கிராஃபிக் டிசைன் படித்தபோது அவன் என் வகுப்பில்தான் இருந்தான். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். சேர்ந்த முதல் மாதமே அது காலாவதியாகிவிட்டது. வகுப்பில் அவன் பெயர் காலியிடம், கேண்டீனிலும் காலியிடம். அவனைப் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து வந்த அவன் அப்பாவிடமே வாட்ச்மேன், "யாரு, நம்ம காலியிடமா? மேல இருக்காப்ல, போங்க" என்று வழி காட்டினார்.

அந்தப் பெயருக்கு அவன் முழுத் தகுதி உடையவன். முதல் அசைன்மென்ட் டெங்கு விழிப்புணர்வு போஸ்டர். நாங்கள் எல்லாரும் புகுந்து விளையாடியிருந்தோம். நான் கொசுவுக்குக் கொம்பு முளைக்க வைத்துக் கையில் சூலத்தைக் கொடுத்திருந்தேன். பின்னணியில் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, கை கூப்பும் டாக்டர், அழுகிற குழந்தை, அது போதாதென்று கீழே நெருப்பு. காலியிடம் கொண்டுவந்து விரித்தது ஒரு பெரிய வெள்ளைத் தாள். அதன் வலது மூலையில் ஒரே ஒரு கொசு. அதுவும் நிஜக் கொசு என்ன அளவோ அதே அளவு.

எங்கள் சார் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மிச்சம் எங்கப்பா?"

"இதுதான் சார் மிச்சம்."

"எது?"

"இந்த வெள்ளை."

"கொசு கண்ணுக்கே தெரியலையே."

"நெசத்துலயும் அப்புடித்தான சார்? கடிச்ச பெறகுதான தேடுறோம்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியாதபோது அவர் செய்கிற காரியம் அது. அந்த வாரம் எல்லாருடைய போஸ்டரும் நடைபாதைச் சுவரில் தொங்கின. ஆபீஸ் உதவியாளர் அந்தப் பக்கம் வந்தவர், காலியிடத்தின் கொசுவைப் பார்த்ததும் பளாரென்று ஓர் அடி அடித்தார். நசுங்காமல் இருக்கிறதே என்று இன்னொன்றும் வைத்தார். காலியிடம் அதைத் தன் வாழ்க்கையின் முதல் விருதாக எடுத்துக்கொண்டான். நாள் முழுக்க வகுப்பு வகுப்பாகப் போய், "அடிச்சாருடா! ரெண்டு தடவ அடிச்சாரு!" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான்.

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கக் கூடாது. மூச்சு விடாமல் பேசுவான், கையை வீசுவான், எதிரில் நிற்பவரின் டீ சட்டையில் இருக்கும். நான் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவள் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் பள்ளத்தூர். ஒருமுறை வகுப்புத் தோழியின் அக்கா கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சோற்றைத் தவிர எல்லாம் பரிமாறியாயிற்று. இவன் கை வைக்கவில்லை.

"ஏ பள்ளத்தூரு, இதைப் பாரு. உப்பு எங்க இருக்கு? மூலையில. ஊறுகா? அதுக்குப் பக்கத்துல. கூட்டு, பொரியல் எல்லாம் மேல வரிசையா நிக்கிது. கீழ இம்புட்டு எடத்தை விட்டு வச்சிருக்காக பாத்தியா, சோறு வரும்னு! எவன் பண்ண லே-அவுட்டு இது? அவன் கையக் குடு, கண்ணுல ஒத்திக்கிறேன்."

சோற்று வாளியோடு நின்றவர், "தம்பி, சாப்புட வந்தீகளா, இலையைப் படிக்க வந்தீகளா?" என்று கேட்டார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே. சோறு போட்டா அந்த எடம் போயிரும்."

அவர் போட்டுவிட்டுப் போனார். காலியிடத்தின் முகம், வரைந்த படத்தில் யாரோ தண்ணீர் கொட்டியதைப் போல ஆகிவிட்டது.

கடைசி வருடம் வந்தது. இறுதி ப்ராஜெக்டுக்கு சார் சொன்ன விதி எளிமையானது. உண்மையான ஒருவருக்கு உண்மையான ஒரு டிசைன் செய்ய வேண்டும். அது வெளியில் நான்கு பேர் பார்க்கிற இடத்தில் நிற்க வேண்டும். செய்யச் சொன்னவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சார் நேரில் வந்து பார்ப்பார். இதோடு ஒரு தடையும் போட்டார். முந்தைய வருட மாணவர்கள் சோப்பு உறை செய்தாலும் ஆத்தங்குடிக் கல், செருப்புக் கடைக்கு போர்டு செய்தாலும் ஆத்தங்குடிக் கல் என்று பின்னணியில் அந்தப் பூக்கல்லையே பதித்துப் பதித்து சாரின் கண்ணைப் பூக்கவைத்திருந்தார்கள்.

"கல்லு கூடாது. தேக்குத் தூணு கூடாது. மசாலா போட்ட கோழி கூடவே கூடாது. மீறிக் கொண்டு வந்தா நான் ரிசைன் பண்ணிருவேன்."

வகுப்பே இடிந்து உட்கார்ந்தது. மூன்றையும் எடுத்துவிட்டால் செட்டிநாட்டில் வேறு என்ன இருக்கிறது என்று ஒருத்தி நிஜமாகவே அழுதாள். காலியிடம் மட்டும் கைதட்டினான். தடை அவனுக்கு இனிப்பு சாப்பிட்ட மாதிரி.

ஆனால் முதல் முயற்சியிலேயே கவிழ்ந்தான். ஒரு முறுக்குக் கடைக்குப் பாக்கெட் செய்தான். கண்ணாடி மாதிரி வெறும் பாக்கெட், நடுவில் முறுக்கு தெரியும், அவ்வளவுதான். கடைக்காரர் அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "கடைப் பேரு எங்க?" என்றார். "முறுக்குதான் பேரு" என்றான் இவன். அவர் எண்ணெய்க் கரண்டியோடு கல்லாவை விட்டு எழுந்தார் என்று கேள்வி. நான் நேரில் பார்க்கவில்லை. அவன் ஓடிவந்ததை மட்டும் பார்த்தேன்.

சார் இன்னொரு வாய்ப்புதான் கொடுத்தார். அது கடைசி. விஷயம் திருப்பத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர், நியாயமான மனிதர். போனில் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "படம் வரையப் போறேன்னு சொன்ன, சரின்னு அனுப்புனேன். வரையாம இருக்கிறதுக்காடா ஃபீஸ் கட்டுறேன்? இதுவும் போச்சுன்னா பேசாமக் கடைக்கு வந்து உக்காரு." அவன் போனை வைத்துவிட்டு, கடையில் புண்ணாக்கு மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருப்பார்கள், ஒரு சாண் சுவர்கூடத் தெரியாது என்றான். அன்றுதான் முதல் தடவையாக அவன் பயந்து பார்த்தேன்.

அவனுக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்தது ஃப்ளெக்ஸ் பாய். எங்கள் கல்லூரிக்கு எதிரில் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். அவர் கம்ப்யூட்டரில் மயில், தாமரை, தங்கச் சங்கிலி, கிளி ஏந்திய பெண் என்று எல்லாம் தயாராக இருக்கும். பெயரை மாற்றினால் கல்யாணம், படத்தை மாற்றினால் கண்ணீர் அஞ்சலி. இந்த ஊரிலேயே காலியிடத்தின் கலையை முழுமனதாக ரசித்த ஒரே மனிதர் அவர்தான். காரணம் கேட்டேன். "சதுர அடிக்கு ரேட்டும்மா. வெள்ளைக்கு மை செலவே இல்ல. இவரு நூறு வருசம் இருக்கணும்" என்றார்.

அவர் அனுப்பிய ஆள் ஒரு டிராக்டர் மெக்கானிக். மகளுக்கு மொட்டை போட்டுக் காதுகுத்து. திருப்பத்தூர் ரோட்டில் உள்ள குலதெய்வக் கோவிலில் விசேஷம். வாசலில் பெரிய பேனர் வேண்டும். சொந்தக்காரர்கள் படம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கொட்டியிருந்தார். அதில் குழந்தையின் தாய்மாமன் படம் மட்டும் கூலிங் கிளாஸ் போட்டது, போடாதது, புல்லட்டில் சாய்ந்தது, கன்றுக்குட்டியோடு நிற்பது என்று ஒரு சினிமாவுக்கே போதும்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். மேளதாளத்தோடு அவர் சீர் கொண்டுவந்தால்தான் விசேஷமே தொடங்கும். பேனரில் அப்பாவின் படம் விட்டுப்போனால்கூடச் சமாளிக்கலாம், தாய்மாமன் படம் அரை அடி சின்னதானால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இது இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

காலியிடம் டிசைன் செய்தான். இடது ஓரத்தில் ஒற்றைக் கோட்டில் ஒரு குழந்தையின் காது. அதன் மடலில் மஞ்சளாக ஒரு பொட்டு. கீழே பொடி எழுத்தில் குழந்தை பெயர், தேதி, கோவில். மற்றதெல்லாம் வெள்ளை. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அவ்வளவு அழகான காதை நான் பார்த்ததில்லை. அடுத்த நொடியே கூலிங் கிளாஸைத் தேடினேன்.

"டேய், தாய்மாமன் படம் எங்கடா?"

"படம் போட ஆரம்பிச்சா எங்க நிறுத்துறது? காதுகுத்துக்கு எது முக்கியம்? காது!"

"தாய்மாமன்டா!"

"காது இல்லாம மாமனை வச்சு என்ன பண்ணுவீக?"

"மெக்கானிக்கு ஒத்துக்கிட்டா சரி" என்று விட்டுவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? உச்சி வெயிலில், டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தவரிடம் இவன் போனை நீட்டினான். அவர் கையெல்லாம் கிரீஸ். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஓரத்தில் காது தெரிந்தது, மற்ற இடம் வெள்ளையாக இருந்தது. படங்கள் இன்னும் லோட் ஆகிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துவிட்டார்.

"வரட்டும், வரட்டும். நல்லாத்தான் வருது தம்பி. அடிச்சிருங்க."

இவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு துள்ளிக் குதித்து ஓடிவந்தான். பாய் மகிழ்ச்சியோடு அடித்துக் கொடுத்தார்.

விசேஷத்தன்று காலையில் நானும் அவனும் கோவிலுக்குப் போனோம். முகப்பில் பேனர் கட்டியிருந்தது. வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அப்போது சிவகங்கைப் பக்கமிருந்து இரண்டு வேன்கள் வந்து நின்றன. மேளம் முழங்கியது. தட்டுத் தட்டாகச் சீர் இறங்கியது. முன்னால் தாய்மாமன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு, இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட கறுப்பு மீசை. நடந்து வந்தவர் பேனருக்கு எதிரில் நின்றார். அவர் நின்றதும் மேளம் நின்றது.

"எங்குட்டு இருக்கு என் படம்?"

ஒரு பெரியவர், "அந்தப் பக்கம் இருக்கும்ப்பா" என்று பேனருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தையின் அப்பா ஓடிவந்தார். பேனரைப் பார்த்தார். அடித்து, காயவைத்து, கம்பில் கட்டிய ஃப்ளெக்ஸைக் கையால் காட்டி, "மச்சான்... இன்னும் லோட் ஆகல மச்சான்" என்றார்.

"வண்டியத் திருப்புங்கடா" என்றார் தாய்மாமன். "எனக்கு எடமில்லாத எடத்துல எனக்கென்ன வேலை?"

குழந்தையின் அம்மா ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க மடி இல்லாம எம் புள்ளைக்கு எப்புடிண்ணே காது குத்துறது? ஆசாரி வந்து உக்காந்திருக்காருண்ணே."

"ஊரு ஊருக்கு மாமன் படத்தை மலை மாதிரி வைக்கிறாக தாயி. எனக்கு ஒரு ஸ்டாம்பு அளவு கூடவா எடம் இல்ல?" சொல்லும்போது அந்த மீசை நடுங்கியது. கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன், அந்த ஆள் அழப்போகிறார். சரியாக அந்த நேரம் பார்த்து சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கையில் மதிப்பெண் தாளோடு.

காலியிடம் ஓடிவிடுவான் என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஓடவில்லை. பேனருக்கு முன்னால் நின்ற தாய்மாமனையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பந்தியில் இலையைப் பார்த்த அதே பார்வை. திடீரென்று கத்தினான்.

"மாமா! அசையாதீக!"

அத்தனை கூட்டமும் உறைந்து நின்றது. தாய்மாமனும்தான்.

"அப்புடியே நில்லுங்க. கொஞ்சம் அங்குட்டு. இன்னும் கொஞ்சம். போதும், போதும்! ஏ பள்ளத்தூரு, பாரு! சார், பாருங்க! முடிஞ்சிருச்சு! பேனரு இப்பத்தான் முடிஞ்சிருக்கு!"

பார்த்தேன். ஓரத்தில் காது. அந்த வெள்ளைக்கு நடுவில் கறுப்பு மீசையும் சிவப்புத் துண்டுமாக அந்த மனிதர். எந்த போட்டோவும் அவரை அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்காது.

"படமாப் போட்டா நாப்பது தலையோட நாப்பத்தொண்ணாப் போயிருவீக மாமா. அந்தா அந்த எடம் பூராம் ஒங்களுக்குத்தான். நேர்ல வந்து உக்காருங்க, புள்ளைய மடியில வைங்க!"

தாய்மாமன் திரும்பி அந்த வெள்ளையைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். அகலத்தைப் பார்த்தார்.

"இது பூராமா?"

"பூராம்."

"மத்த யாருக்கும் இல்லையா? எங்க மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கு எங்க மாமா எடம்?"

மீசை மெல்ல மேலே ஏறியது. "அப்ப அவுருங்கடா பேனரை" என்றார். மேளக்காரர்களே பேனரை அவிழ்த்து, பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பந்தலில் பின்னால் கட்டி, முன்னால் பலகை போட்டு அவரை உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை மடியில் உட்கார்ந்தது. ஆசாரி காதைத் தொட்டதும் குழந்தை வீறிட்டது. அதைவிட அதிகமாக அழுதவர் தாய்மாமன். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. பிறகு அந்த வெள்ளைக்கு முன்னால் உட்கார வரிசை கட்டி நின்றார்கள். அத்தை, சித்தப்பா, சமையல்காரர் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், எங்கள் சாரும் கூலிங் கிளாஸ் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்று எடுத்தார்.

சாப்பிட்டு முடிந்து சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லு. இது பிளான் பண்ணுனதா?"

"எடம் விட்டா யாராச்சும் வந்து உக்காருவாகன்னு தெரியும் சார். யாருன்னுதான் தெரியாது."

சார் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. அங்கேயே தாளில் மதிப்பெண்ணைப் போட்டு, மொய் எழுதுகிறவரிடமிருந்து பச்சை மை பேனா வாங்கிக் கையெழுத்தும் போட்டார். அன்று காலியிடம் குதித்த குதியில் மூன்று பேர் பாயசம் சட்டையில் போயிற்று.

தாய்மாமன் பிள்ளையோடு உட்கார்ந்த அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. சுற்றுவட்டாரத்துத் தாய்மாமன்கள் எல்லாரும் ஃப்ளெக்ஸ் பாய் கடைக்கு வந்து, "எனக்கும் படம் வேணாம், அந்த எடம்தான் வேணும்" என்று கேட்டார்கள். பாய் அதைத் 'தாய்மாமன் மாடல்' என்று கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டார். வெறுமையாக இருக்கிறதே என்று மூலையில் ஒரு மயிலையும் வைத்தார். காலியிடம் அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. திருப்பத்தூரில் அவன் அப்பா அந்தப் படத்தைக் கடையில் மாட்டினார். அதைச் சுற்றி மூட்டை அடுக்கவில்லை. ஒரு முழச் சுவரைச் சும்மா விட்டுவைத்திருக்கிறார், நானே போய்ப் பார்த்தேன்.

இப்போது காலியிடம் பெங்களூரில் இருக்கிறான். ஏதோ ஒரு கம்பெனிக்கு செல்போன் திரைகளை வடிவமைக்கிறான். அங்கேயும் ஜனங்கள் லோட் ஆகவில்லை என்றுதான் முதலில் நினைக்கிறார்களாம். நான் காரைக்குடியிலேயே சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. "யாரு மடியில வைக்கப் போறீக?" என்று என் மாமியாரில் தொடங்கி பால்காரர் வரைக்கும் கேட்டுவிட்டார்கள். நான் உட்கார்ந்து பேனரைச் செய்தேன். ஓரத்தில் என் மகளின் காது. மற்றதெல்லாம் வெள்ளை. அதை அவனுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "காது பிரமாதம். எடம் அதைவிடப் பிரமாதம். யாரு உக்காரப் போறா?"

"நீதான்டா. வேற யாரு?"

போன் அடித்தது. எடுத்தால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஏ பள்ளத்தூரு. நான் இப்பக் குண்டாயிட்டேன். நீ விட்டுருக்க எடம் எனக்குப் பத்தாது."

"பத்தலைன்னா காதைச் சின்னதாக்கிக்கிறேன். நீ வாடா" என்றேன்.